முன்னால் யார், பின்னால் யார்

முகாமில் இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று மேஜர் ஐயா சொல்லி அனுப்பினார். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பதினாறு வருடம் இங்கே மைதானத்து ஆளாக இருந்தேன். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்காததால் இந்தத் தை மாதத்தோடு நின்றுகொண்டேன். ராணுவத்தில் அதிகாரியாகச் சேர நினைக்கும் பட்டதாரிப் பிள்ளைகள், பெங்களூரில் நடக்கும் ஐந்து நாள் தேர்வுக்குப் போகும் முன் மூன்று மாதம் இந்தத் திண்டிவனம் ஏரிக்கரையில் தங்கிப் பழகுகிறார்கள். பலகையையும் பீப்பாயையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு பள்ளத்தைத் தாண்டுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சனிக்கிழமைச் சீட்டைப் பற்றி.

வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எடைபோட்டு எழுதும் சீட்டு அது. இன்றைக்கு அதில் கேள்வி நீளமாக இருக்கும். தெரியாத இடத்துக்குக் கூட்டமாகப் போகிறீர்கள், இவர்களில் யார் சொன்னால் கேட்பாய், யார் சொன்னால் கேட்க மாட்டாய், ஏன், நீ கண்ணால் பார்த்த ஒன்றை எழுது என்று இருக்கும். இவ்வளவு எதற்கு, சுருக்கலாமே என்று உங்களில் யாருக்காவது தோன்றும். ஒரு காலத்தில் சுருக்கமாகத்தான் இருந்தது. முன்னால் யார், பின்னால் யார். நான்கே வார்த்தை. அந்த நான்கு வார்த்தையும் நான் கொடுத்தவை.

அதற்கு முன்னால் மேஜர் ஐயாவிடம் ஒரு படிவம் இருந்தது. துணிவு, ஒத்துழைப்பு, முடிவெடுக்கும் திறன் என்று பத்துப் பன்னிரண்டு கட்டம். பிள்ளைகள் அதைப் பரீட்சையாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் எல்லாக் கட்டத்திலும் எட்டு போட்டார்கள். ஒருநாள் நான் பீப்பாய்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். ஐயா வந்து பக்கத்தில் நின்றார்.

“உங்க ஊர்ல பத்து பேர் சேர்ந்து வேலை செய்யறப்ப எவன் சரியான ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

இங்கே வருவதற்கு முன் நான் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுக்கு இறங்கும்போது ஆளுக்கு ஒரு வரிசை. முன்னால் போகிறவன் வேகத்தைக் கொடுப்பான். பின்னால் நிற்கிறவன் எல்லோரையும் இழுத்துப் பிடிப்பான். வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

“முன்னால யாரு நிக்கறான், பின்னால யாரு நிக்கறான்னு பார்ப்போம் சார். அவ்ளோதான்.”

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. யோசித்து நடிக்க இடம் கொடுக்காத கேள்வி என்றார். அடுத்த சனிக்கிழமை முதல் அதுதான் சீட்டு. மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். எழுதியவர் பெயர் வேண்டாம். வகுப்பில் பாதிக்கு மேல் ஒருவனைக் கீழே எழுதிவிட்டால் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அந்த விதியில் அவர் கல். பாதிப் பேர் நம்பாத ஒருவனை அதிகாரியாக அனுப்பினால் போகிற இடத்தில் உயிர் போகும் என்பார். அதில் நான் இன்றைக்கும் அவர் பக்கம்தான்.

மார்கழியில் ஏரி இருக்கும் இடம் தெரியாது. கரை மட்டும் பனிக்கு நடுவில் ஒரு கோடாக மிதக்கும். முகாமிலிருந்து கரைமேல் ஓடி வந்து, தண்ணீர் வழியும் கலங்கலைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கலங்கல் திட்டில் சாக்கு விரித்து நான் உட்கார்ந்திருப்பேன். கையில் சொட்டு நீலம் பாட்டில். தொட்டதற்கு அடையாளமாக ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சொட்டு வைப்பேன். முதலில் காலடி கேட்கும். பிறகு மூச்சு. அப்புறம்தான் ஆள். வெள்ளையில் ஒரு கறையாகத் தோன்றி, நெருங்கி முகமாகி, கையை நீட்டி, நீலத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் கறையாகிக் கரைந்துபோவார்கள். உண்மையிலேயே ஓடி வருகிறார்களா, நான்தான் நினைத்துக்கொள்கிறேனா என்று சில காலைகளில் சந்தேகம் வரும். இப்போது வீட்டில் இருக்கிறேன். விடியலில் விழிப்பு வந்தால் விரல்நுனி ஈரமாக இருப்பதுபோல் இருக்கிறது. பார்த்தால் காய்ந்துதான் கிடக்கிறது.

வருகிற ஒவ்வொருவரிடமும் “பின்னால யாரு?” என்று கேட்பேன். இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று தெரிந்துகொள்வதற்காக. கடைசி ஆள் முகாமுக்குள் கால் வைக்கிற நேரம்தான் வகுப்பின் நேரம். அதனால் கடைசியில் வருகிறவனைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். பனிக்கு அந்தப் பக்கம் நடப்பது எனக்குத் தெரியாது. யார் முதலில் வந்தார்கள், யார் கடைசியில் வந்தார்கள் என்பது மட்டும் தெரியும். அதை வைத்தே ஆளை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லும் வகுப்பில் இருபது பேர். அவர்களில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். மூவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒருவன் கோலியனூர் தினேஷ். ஆமாம், இப்போது உங்களுக்குப் பலகைப் பயிற்சி கொடுக்கும் அதே தினேஷ் சார்தான். “பேர மாத்தாதண்ணா, அப்படியே எழுது” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இருபத்து இரண்டு வயது. தினமும் முதலில் வருவான். இன்னொருத்தி கண்டமங்கலம் சுகன்யா. வாய் ஓயாது. மூன்றாவது முகையூர் அந்தோணி. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அவன் காலனிப் பையன், நானும் காலனி ஆள்தான். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தினமும் கடைசியில் வருவான்.

ஒவ்வொரு வகுப்பும் பாதி நடந்த பிறகுதான் முதல் சீட்டு. அந்த வகுப்பு முதல் சீட்டு எழுதிய வாரம் மேஜர் ஐயாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி. இரண்டு வாரம் எதையும் படிக்கக் கூடாது. பயிற்சியாளர்கள் சீட்டைப் பார்த்தால் பிள்ளைகளை வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்று, சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அப்போது எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவசரமாக எழுதிய சீட்டுகள் வேறு.

“முன்னால்... தி... தினேஷ். பின்னால்... அந்... அந்தோணி.”

“அடுத்தது.”

“முன்னால் தினேஷ். பின்னால் அந்தோணி.”

ஐயா இரண்டு கை விரல்களையும் மடக்கிக்கொண்டே வந்தார். இடது கை தினேஷுக்கு, வலது கை அந்தோணிக்கு. அறைக்குள் சாயங்கால வெயில் சாய்ந்து கிடந்தது. அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி அது பெயராகவே கேட்கவில்லை. நடுவில் வேறு பெயர் வந்தால் எங்கள் இருவருக்கும் தூக்கம் கலைந்தது மாதிரி இருந்தது. இருபது சீட்டில் பதிமூன்றில் அந்தோணி கீழே இருந்தான்.

“பாதிக்கு மேல,” என்றார் ஐயா. “நல்ல பையன்னு நெனச்சேன்.”

“அடுத்த வகுப்புக்கு வரச் சொல்லலாமா சார்?”

“வயசு என்ன அவனுக்கு?”

பதிவேட்டைப் பார்த்தேன். “ஆடி வந்தா இருபத்தஞ்சு தாண்டிடும் சார்.”

“அப்ப முடிஞ்சது. இதுதான் அவனுக்குக் கடைசி. திங்கட்கிழமை ஓட்டம் முடிஞ்சதும் நீயே சொல்லிடு. நான் சொன்னா யாரு எழுதினாங்கன்னு பேச்சு வரும். நீ சொன்னா அவன் எதுவும் கேட்க மாட்டான்.”

கேட்க மாட்டான் என்பது எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை பனி இன்னும் கெட்டி. தினேஷ்தான் முதலில் வந்தான்.

“பின்னால யாரு?”

“யாருக்குத் தெரியும்? ஜல்தி வைண்ணா.”

நீலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒருவர் ஒருவராக வந்து கரைந்தார்கள். பதினெட்டாவதாக சுகன்யா. ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். மதகுப் பக்கம் கால் பிசகிவிட்டது என்று சொல்லித் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏந்திரும்மா, நேரம் போவுது.”

“இருண்ணா, ஒரு நிமிசம். செத்துக்கினு இருக்கேன்.”

“பின்னால யாரு?”

“அந்தோணிணா.”

அதைச் சொல்லும்போதே அவள் தோள் தளர்ந்தது. மூச்சு ஓர் இடத்தில் இறங்கி நின்றது. “பின்னால அவன் இருக்கான்ணா. ஒண்ணும் பேஜாரு இல்ல,” என்று சொல்லிவிட்டுக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

தினமும் நான் கேட்கிற கேள்விதான். தினமும் யாராவது ஒருவர் சொல்கிற பதில்தான். முந்தாநாள் பதிமூன்று சீட்டில் நான் எழுத்துக் கூட்டிப் படித்ததும் அதே இரண்டு வார்த்தைதான். பின்னால், அந்தோணி. அதைச் சொல்கிறவர் முகத்தோடு சேர்த்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

பனிக்குள்ளிருந்து இரண்டு உருவங்கள் வந்தன. குமட்டிக்கொண்டிருந்த ஒரு பையனை முழங்கையைப் பிடித்து அந்தோணி கூட்டிவந்தான்.

“தோ கலங்கல் வந்துடுச்சு பாரு. திரும்பிட்டா பாதி முடிஞ்சிது. இன்னா சுகன்யா, உக்காந்துக்கினு? பஸ்ஸு வருமா?”

“ஆமாண்டா, உன்ன ஏத்திக்கினு போவதான் நிக்கறேன்.”

அவன் கையை நீட்டினான். நீலம் வைத்தேன். அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. வேர்வைகூட இல்லை. அவ்வளவு தெம்பு இருக்கிறவன் கடைசியில் வருகிறானென்றால் அவனாக வருகிறான். ஒன்றரை மாதம் அந்தக் கையில் நீலம் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நேராக மேஜர் ஐயா அறைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கரும்பு வரிசையில் பின்னால் என்றால் ஒன்று, கரைமேல் ஓடுகிறவனுக்குப் பின்னால் என்றால் வேறொன்று. சுலபமாகத்தான் இருந்தது. ஐயா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தார்.

“யாரு?”

“நான்தான் சார்.”

“சொல்லிட்டியா அவன்கிட்ட?”

தம்பிகளே, இந்த இடத்தை நான் மறைக்கப்போவதில்லை. வாயைத் திறந்தேன். “இதோ சொல்றேன் சார்,” என்றுதான் வந்தது. திரும்பி நடந்தேன். என் கால்கள் என்னைக் கேட்காமல் குழாயடிக்குப் போயின. பெரியவர்கள் அறைக்குள் நுழைந்தால் என் பேச்சு இப்படித்தான் என்னைவிட்டு எங்கோ போய்விடும். நாம் பேச வேண்டியதற்கும் பேசியதற்கும் நடுவில் ஒருவனுடைய வாழ்க்கை நிற்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

அந்தோணி குழாயடியில் கேன்வாஸ் ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“அந்தோணி, உன்ன ஊட்டுக்குப் போவச் சொல்லிட்டாரு.”

“எப்பண்ணா?”

“இப்பத்தான்.”

“சீட்டாண்ணா?”

தலையை ஆட்டினேன்.

“சரிண்ணா.” ஈர ஷூவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தான். “இந்த பக்கெட்டு சுகன்யாவுது. மறக்காம குடுத்துடு.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்த “சரிண்ணா”வை நானும் என் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறேன். அதனால்தான் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மைதானத்தில் பலகைப் பயிற்சி. பிள்ளைகள் வந்து நின்றதும் சுகன்யா எண்ணிப் பார்த்தாள்.

“அந்தோணி எங்கண்ணா?”

“ஊருக்குப் போயிட்டான்.”

“இன்னாத்துக்கு? யாருக்குன்னா உடம்பு சரியில்லையா?”

“சீட்டு.”

“எந்தச் சீட்டு? நாங்க எழுதுனதா?”

“ஆமா. நீங்க எழுதுனதுதான்.”

பலகையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் அதை மெதுவாகத் தரையில் வைத்தான்.

“நான் பின்னாலன்னு அவன் பேரத்தான் எழுதுனேன்,” என்றாள் சுகன்யா. “பின்னால அவன் இருந்தாத்தான் எனக்கு ஓட முடியும்னு நெனச்சு எழுதுனேன். அதுக்கா அனுப்புனாரு?”

“நானுந்தான் எழுதுனேன்,” என்றான் காலையில் குமட்டியவன். “அவன் பின்னால இல்லன்னா நான் என்னைக்கோ ஏரியில வுழுந்திருப்பேன்.”

இன்னொருவன் குழம்பிப்போய்க் கேட்டான். “அப்ப முன்னாலன்னு கேட்டது?”

“முன்னாலன்னா தலைவன்,” என்றேன்.

சுகன்யா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. “தலைவனா? தினேஷ நான் முன்னால போட்டது கண்ணுல பட்டுக்கினே இருக்கட்டும்னுண்ணா. பின்னால வுட்டா எப்ப நம்மள வுட்டுட்டுக் கம்பி நீட்டுவான்னு யாருக்குத் தெரியும்?”

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். தினேஷ் பீப்பாய்மேல் கயிற்றோடு நின்றிருந்தான். கயிற்றைச் சுற்றிக் கீழே வைத்தான். இறங்கினான். காது சிவந்திருந்தது.

இரண்டாவது தடவை ஐயாவின் அறைக்குப் போனபோது நான் எதையும் சொல்லிப் பார்த்துக்கொள்ளவில்லை.

“சார், அந்தோணிய நான் அனுப்பிட்டேன். அனுப்பினது தப்பு.”

அவர் கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். “பாவம் பாக்கறியா? ஒருத்தனுக்காக ஒரு தடவை சீட்டை மாத்தினா, அப்புறம் அது சீட்டு இல்ல. சிபாரிசு.”

“சீட்ட மாத்த வேணாம் சார். அவங்க எழுதுனது சரிதான். கேள்விதான் தப்பு. கேள்வி நான் குடுத்தது.”

கலங்கலில் கேட்டதையும் மைதானத்தில் கேட்டதையும் அப்படியே சொன்னேன். தினேஷைப் பற்றி அவர்கள் சொன்னதையும் விடவில்லை. அவர் மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். சனிக்கிழமை மடக்கிய விரல்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடிக்குள் என்ன தெரிந்ததோ.

“இதுக்கு முன்னால போன வகுப்புகள்ல இதே கேள்வியில யாரையாவது அனுப்பினோமா?”

“ரெண்டு பேரு சார்.”

அந்த இரண்டு பேரின் முகமும் எனக்கு நினைவில் வர மறுக்கிறது. மணிக்கட்டுகள் மட்டும் வருகின்றன.

“வர்ற சனிக்கிழமை வேற கேள்வி. பழைய சீட்டு செல்லாது. நீ போய் அவனைக் கூட்டிட்டு வா,” என்றார் கடைசியில். “அவன் போன்?”

“அணைச்சு வெச்சிருக்கான் சார்.”

விழுப்புரம் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பனி விலகி வெயில் வந்திருந்தது. இரண்டு பக்கமும் வேர்க்கடலைச் செடி அடர்ந்த மல்லாட்டைக் கொல்லைகள் பின்னால் ஓடின. விக்கிரவாண்டி தாண்டும்போது, அவன் இந்நேரம் முகையூருக்குப் போய்ச் சேர்ந்திருப்பான், அவன் அம்மா கேட்டதற்கு லீவு என்று ஏதோ ஒரு பொய் சொல்லியிருப்பான், நான் கூட்டிவந்துவிட்டால் அந்தப் பொய் நாளைக்கே உண்மையாகிவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தாலும் நான் கலங்கல் திட்டில்தான் இருப்பது போலவும், அவன் காலடிக்காகக் காது கொடுத்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

பேருந்து நிலையத்தில் திருக்கோவிலூர் வண்டிகள் நிற்கும் இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மடியில் பை. காலடியில் ஈர ஷூ.

“இன்னாண்ணா இங்க?”

“நீ இன்னும் போவலையா?”

“ரெண்டு வண்டி போயிடுச்சு. ஏறல.” பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தான். “ஊட்ல இன்னான்னு சொல்றதுன்னு தெரியலண்ணா.”

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கரும்பு வரிசை, நான் கொடுத்த கேள்வி, சுகன்யா சொன்னது. அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் லேசாகச் சிரித்தான்.

“நீ நல்லவருண்ணா. அதான் இவ்ளோ தூரம் வந்துட்ட. ஸ்கூல்ல, காலேஜில, எங்க போனாலும் கடைசியில யாரு பேரு எழுதுறதுன்னா எங்க பேருதான். அதுக்குக் காரணம் யாரும் கேக்கறதில்ல. இப்ப மட்டும் புதுசா ஒரு காரணம் இருக்குமா?”

“நான் பொய் சொல்லலடா.”

“நீ சொல்லல. அவங்க சொல்லியிருக்கலாம். மூஞ்சிக்கு நேரா கேட்டா யாருதான் பாவம்னு சொல்ல மாட்டாங்க?”

அடுத்த வண்டி வந்து நின்றது. நடத்துனர் ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கூவினார். அதில் முகையூரும் இருந்தது. அந்தோணி பையைத் தோளில் மாட்டினான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேஜர் ஐயாவுக்குப் போன் போட்டேன். சத்தமாகக் கேட்கும்படி வைத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டேன்.

“சார், வர மாட்டேங்கறான். பசங்க சொல்றத நம்பல.”

“சீட்டுல எழுதினதை வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி,” என்றார். பிறகு, “யாரையும் சொல்லுங்கன்னு நான் கேட்க மாட்டேன். போனை இங்க மேசைமேல வெச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போறேன்,” என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாசலில் காத்திருந்த பிள்ளைகளை உள்ளே விட்டிருக்க வேண்டும்.

முதலில் சுகன்யாவின் குரல். “டேய், நான்தான்டா உன்ன பின்னால போட்டேன். எரும, ஒரு வார்த்த சொல்லிக்கினு போவத் தெரியாதா?”

“நானும் போட்டேன் அந்தோணி.” குமட்டிய பையன்.

“நானும்.” “நானுந்தான்.” பெயர் சொல்லியும் சொல்லாமலும் குரல்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தோணி ஒரு காலைப் பேருந்துப் படியில் வைத்தபடி நின்றான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“தினேஷ் பேசறேன். நானும் உன் பேரத்தான் கீழ போட்டேன். ஆனா நான் இவங்க மாதிரி போடல. கடைசின்னுதான் போட்டேன். உன்னாலதான் தினமும் நேரம் போவுதுன்னு எனக்குக் கோவம். பின்னால நீ இன்னா பண்றன்னு நான் திரும்பிப் பார்த்ததில்ல. இன்னைக்குத்தான் சொன்னாங்க. இப்ப எழுதச் சொன்னா மாத்தி எழுதுவேனான்னு கேட்டா, தெரியல. அவ்ளோதான்.”

போன் நின்றுவிட்டது.

எல்லாம் கூடிவரும் நேரத்தில் இவன் வந்து கெடுத்துவிட்டானே என்று நினைத்தேன். நடத்துனர் அந்தோணியின் முதுகில் தட்டி, “ஏறுப்பா, இல்ல எறங்கு. வழியில நிக்காத,” என்றார். அவன் காலைப் படியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். வண்டி கிளம்பிப் போயிற்று.

“தினேஷு சொன்னத கேட்டியாண்ணா?”

“கேட்டேன். அவன் கெடக்கறான், வுடு.”

“இல்லண்ணா. மத்தவங்க பேசறப்ப, எல்லாம் சேர்ந்துக்கினு பாவம் பாத்துப் பேசறாங்கன்னுதான் நெனச்சேன். இவன் ஒருத்தன் உள்ளத சொன்னான் பாரு. மேஜர் மேசையில நின்னுக்கினு, அவ்ளோ பேரு எதிர்க்கச் சொன்னான். அங்க யாரும் எனக்காகத் தங்களுக்குள்ள பேசி வெச்சுக்கினு சொல்லலண்ணா.” குனிந்து ஷூப் பையை எடுத்துக்கொண்டான். “அப்ப சுகன்யா சொன்னதும் நெசந்தான்.”

எதிர் வரிசையில் திண்டிவனம் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“வாண்ணா, கெளம்புது,” என்று சொல்லிவிட்டு அவன் ஓட ஆரம்பித்தான்.